பத்தடியில் எத்தனை உயிர்

டெக்சஸ், லப்பக்கிலிருந்து தெற்கே, டஹோக்கா தாண்டி.
மூன்று நாள் அடித்த காற்று நேற்றிரவுதான் அடங்கியது.
வண்டிக் கண்ணாடியில், சட்டைக் காலரில், கடைவாய்ப் பல்லில்
இன்னும் செம்மணல்.

என் வேலை எண்ணுவது.
வரிசையோரம் பத்தடிக்கு நாடாவை விரித்து
உயிருள்ள பருத்திக் கன்றுகளை எண்ண வேண்டும்.
எட்டு இடத்துச் சராசரி
பத்துக்குக் கீழே என்றால் பயிர் செத்தது;
காப்பீட்டுக் கம்பெனி பணம் தரும்.
பத்தோ மேலோ என்றால் பிழைத்தது;
பிழைத்ததை வைத்துக்கொண்டு
நீங்களும் பிழைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரஸ் கிர்ச்னரின் வயல்.
உழுது உழுது மாவாக்கிய நிலம்.
மணல் ஓடிவந்து கன்றுகளைக் கழுத்தோடு அறுத்துவிட்டிருந்தது.
பூஜ்யம். பூஜ்யம். எட்டு இடத்திலும் பூஜ்யம்.
ரஸ் கையெழுத்துப் போட்டுவிட்டு
ஐஸ் போட்ட டீ தந்தார்.
என் கண்ணைப் பார்க்கவில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் டார்லா வொய்டெக்.
குளிரில் ரை விதைத்து, வளர்த்து, வசந்தத்தில் அதைச் சாகடித்து
அந்தத் தாளுக்கு நடுவே பருத்தி ஊன்றியவள்.
ரை விதை, விதைக்க ஒரு ஓட்டு டீசல், சாய்க்க ஒரு மருந்து:
ஏக்கருக்கு இத்தனை டாலர் என்று
தீவனக்கடைச் சீட்டின் பின்னால் எழுதி வைத்திருக்கிறாள்.
என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

"கிணற்றில் வருஷத்துக்கொரு குழாய் கூட்டி இறக்குகிறேன்.
இன்னும் எத்தனை குழாய் ஆழத்தில் தண்ணீர் என்று
யாருக்கும் தெரியாது. மண் ஈரம் காத்தால்
பம்பு கொஞ்சம் தூங்கும்."

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது
என்பது எங்கள் பக்கத்துச் சொல்.
இங்கே கணக்குப் பார்ப்பவன் நான்.
எனக்கு மாதச் சம்பளம், பல் வைத்தியம் உட்பட.

குனிந்து எண்ணும்போது என் சட்டையைப் பார்த்தாள்.
"பருத்தியா?"
"அறுபது சதவீதம்."
"என்ன விலை?"
சொன்னேன். மனதுக்குள் வகுத்தாள்.
"எனக்கு வருவது அந்த மேல் பொத்தான் அளவு," என்றாள்.
"அதுவும் பிளாஸ்டிக்."

பதினொன்று. எட்டு. பதின்மூன்று. ஒன்பது.
ஏழு. பன்னிரண்டு. பத்து.
எழுபது ஆயிற்று.

எட்டாவது இடத்தில் ஒன்பது நிமிர்ந்து நின்றன.
பத்தாவது
ரைத் தாளின்மேல் தலை சாய்த்துக் கிடந்தது.
தண்டில் ஒரு பக்கம் தோல் உரிந்து,
குருத்து மட்டும் பச்சை, எறும்புத் தலையளவு.

பருத்தி புடவையாகவே காய்த்தாற்போல் என்பார்களே,
இது காசோலையாகக் காய்க்கும்,
செத்தால்.

நாடாவைச் சுருட்டாமல் நின்றேன்.
தொப்பியைக் கழற்றினேன். மாட்டினேன்.
வெயிலில் கண் கூசிற்று என்றால்
யார் கேட்கப் போகிறார்கள்?
ரஸ்ஸின் எட்டுப் பூஜ்யங்கள் பையில் கிடந்தன,
பூஜ்யத்துக்கு இவ்வளவு கனம்.

டார்லாவுக்கும் கூட்டத் தெரியும்.
என்னைப் போல் எத்தனை பேர் வந்து எண்ணிவிட்டுப் போனார்கள்,
இருபத்தாறு விதைப்பில்.

அவள் மண்டியிட்டாள்.
காய்ந்த மேல்மண்ணை ஒதுக்கி, அடியில் ஈரம் தொட்டு,
செடியை நிமிர்த்தி
இரண்டு விரலால் கழுத்தைச் சுற்றி அழுத்தினாள்.
ஒரு ரைத் தாளை ஒடித்துப் பக்கத்தில் ஊன்றினாள்.

"ஏன்?" என்றேன்.
"எது ஏன்?"
அதற்குள் அடுத்த வரிசைக்கு நகர்ந்திருந்தாள்,
நான் எண்ண வேண்டியிராத ஒரு செடிக்கு.

அவள் தாள் நிலத்தில் நிற்கிறது.
என் தாளில் எழுதினேன்: பத்து.
ஓரத்தில், கட்டமில்லாத இடத்தில்: ரை.

வண்டியைக் கிளப்பும்போது
மேற்கே மறுபடி
செம்மண் எழும்பிக்கொண்டிருந்தது.